தீவில் ஹாம் வானொலிப் போட்டியா? முதலில் உப்பைக் கவனியுங்கள்

கரீபியன் கடலின் குராசோ, அருபா தீவுகளை ஹாம் வானொலிப் போட்டியாளர்கள் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) தேடிப் போகக் காரணம் உண்டு. உலகெங்கும் உள்ள நிலையங்களைத் தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் சி.க்யூ. உலகப் போட்டியில் இவை தென் அமெரிக்கக் கணக்கில் வருவதால், வேறு கண்டமான வட அமெரிக்காவில் உள்ள அமெரிக்க நிலையம் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளிகள் கிடைக்கும்.

ஆனால் அங்கே ஓயாமல் வீசும் உப்புக்காற்று, 48 மணி நேரப் போட்டியின் நடுவே ஆன்டெனாவைச் செயலிழக்கச் செய்துவிடும். வெளியே இருக்கும் ஒவ்வொரு கேபிள் இணைப்பையும் முதலில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பாலும், அதன்மேல் இன்சுலேஷன் டேப்பாலும் சுற்றுங்கள். கடைசிச் சுற்று கீழிருந்து மேலாகப் போகட்டும்; ஓடு வேய்ந்ததுபோல் படிந்து மழைநீரை வழியவிடும். இதில் சோம்பல் கூடவே கூடாது.

அலுமினியக் குழாயில் செப்புக் கம்பியை நேரடியாக முறுக்காதீர்கள். உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையே துருப்பிடிக்காத எஃகு வாஷர் போடுங்கள்.

அதே கடல்நீர் பெரிய துணையும்கூட. அலையோரம் நிறுத்திய செங்குத்து ஆன்டெனா, தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் பேசும். இடம் கிடைத்தால் கரையை விட்டு உள்ளே தள்ளாதீர்கள். ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவை முன்கூட்டியே எழுதிவைத்து, போட்டிக்கு முந்தைய நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் இணைப்புகளைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.