ஊர் சுற்றிக்கொண்டே ஸ்டாக் படம் விற்க: இரவு வேலைதான் பெரிது

படங்களை இணையதளங்களில் ஏற்றிவைத்து, வேண்டியவர்கள் பணம் கட்டி எடுத்துக்கொள்ளும்போது பங்கு வாங்குவதுதான் ஸ்டாக் படத் தொழில். அதில் கேமரா கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். தேறாத படங்களைக் கழித்துக்கட்டுவது, படத்தில் தெரியும் தூசிப் புள்ளியைத் துடைப்பது, தலைப்பு எழுதுவது, ஏற்றுவது என்று மற்றதெல்லாம் லாட்ஜ் அறையில் நடக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆயிரம் படம் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும். எது எந்தத் தெரு என்பதும் மறந்துபோகும்.

கிளம்புமுன் எடுக்கப்போகும் பொருளை, படம் விற்கும் தளத்தில் தேடிப் பாருங்கள். தனுஷ்கோடி சூரிய உதயம் போல எல்லாரும் எடுப்பதில் இன்னொன்றைச் சேர்த்துப் பயனில்லை. காரைக்குடிப் பக்கம் போகிறீர்கள் என்றால் ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறையில் அரைநாள் உட்காரலாம். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றுவது, மேலே கலவை போட்டு அழுத்துவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது என்று ஒவ்வொரு கட்டத்தையும் தூரத்தில், நடுவில், கிட்டத்தில் எடுங்கள். கிடைமட்டம், செங்குத்து இரண்டும் வேண்டும். ஒரு பக்கம் வெறுமையாக விட்ட படம் ஒன்றாவது இருக்கட்டும். விளம்பரக்காரர்கள் எழுத்தை அங்கேதான் வைப்பார்கள். அனுப்பும்போது ஒரு பொருளுக்கு ஆறேழு போதும். ஒன்றுபோல் இருப்பவை நிராகரிக்கப்படும்.

முகம் அடையாளம் தெரிந்தால் விளம்பரப் பயன்பாட்டுக்கு மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். பத்துப் படிவம் அச்சடித்துப் பையில் வையுங்கள். ஆங்கிலப் படிவத்தை நீட்டிவிட்டுச் சும்மா நிற்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லிவிட்டு வாங்குவதுதான் முறை. கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீடுகளின் உட்புறத்துக்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவை. எதுவும் கிடைக்காவிட்டால் எடிட்டோரியல் பிரிவுதான், அதாவது விளம்பரத்துக்கு இல்லாமல் செய்தி, கட்டுரைக்கு மட்டும். அங்கே தலைப்பு ஊர், நாடு, தேதி, பிறகு விவரம் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்; படத்திலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. இந்த வகையை ஷட்டர்ஸ்டாக், அலாமி ஆகிய இரண்டு தளங்களும் வாங்கும். அடோபி ஸ்டாக் தளத்துக்கு அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தண்ணீர் பாட்டில் லேபிள், வண்டி நம்பர் பிளேட், கடைப் பெயர்ப்பலகை: விளம்பரப் படங்கள் திரும்பி வருவதற்கு இவையே அடிக்கடி காரணம். தமிழகக் கோயில்களுக்குள் மொபைலுக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது என்பதையும் திட்டத்தில் கணக்கில் வையுங்கள்.

குறைந்தபட்ச அளவு ஷட்டர்ஸ்டாக், அடோபி இரண்டிலும் 4 மெகாபிக்சல். வெளிச்சம் இருக்கும் வரை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100–400க்குள் நில்லுங்கள். லென்ஸ் துளையை எஃப் 11க்கு மேல் சுருக்கினால் சென்சார் தூசி வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும்; 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடி அரைமணி நேரம் விட்டுப் பிறகு கேமராவை எடுங்கள். ஆவியைத் துணியால் துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும்.

இரவில் முதல் வேலை, கார்டில் உள்ளதை இரண்டு எஸ்எஸ்டி சேமிப்பு வட்டுகளில் பிரதி எடுப்பது. இரண்டும் ஒரே பையில் இருந்தால் பிரதி எடுத்ததாகவே கணக்கில்லை. இரண்டிலும் படம் திறக்கிறதா என்று பார்க்கும்வரை கார்டை அழிக்க வேண்டாம். பிறகு கழித்துக்கட்டுங்கள்: முந்நூறு எடுத்திருந்தால் இருபது மிஞ்சட்டும்.

தலைப்பையும் குறிச்சொற்களையும் லைட்ரூம் மென்பொருளிலோ, இலவசமான டிஜிகாமிலோ படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். எல்லாத் தளமும் அதையே படித்துக்கொள்ளும். குறிச்சொற்களை ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை, அடோபியில் 49 வரை போடலாம். முப்பது போதும். அடோபியில் வரிசைக்கு மதிப்பு உண்டு, முதல் பத்துக்குள் முக்கியமானவை வர வேண்டும். வாங்குபவர் ஆங்கிலத்தில் தேடுவார். கோலத்துக்கு ‘கோலம்’, ‘ரங்கோலி’ இரண்டையும், தோசைக்கு ‘தோசா’, ‘தோசை’ இரண்டையும் ஆங்கில எழுத்தில் சேருங்கள்.

24 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று சுமார் 10 எம்பி. இருபது படம், மூன்று தளம் என்றால் 600 எம்பி. நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் அடங்கிவிடும். லாட்ஜ் வைஃபை பாதியில் அறுந்தால் உலாவி வழியாக ஏற்றுவது வீண். கோப்பு அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஸில்லாவில் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

பணம்: அடோபி படத்துக்கு 33 சதவீதம் தருகிறது, 25 டாலர் சேர்ந்ததும் எடுக்கலாம். ஷட்டர்ஸ்டாக் விற்பனை கூடக்கூடப் படிப்படியாக 15 முதல் 40 சதவீதம் வரை. ஆனால் ஜனவரி 1 அன்று எல்லாரும் கீழ்ப்படிக்குத் திரும்புகிறார்கள், ஒரு பதிவிறக்கத்துக்கு 10 சென்ட் கிடைப்பதும் உண்டு. டபிள்யூ-8பிஇஎன் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண் கொடுத்தால் அமெரிக்க விற்பனைமீது வரிப் பிடித்தம் 30க்குப் பதில் 15 சதவீதம். சேர்ந்தவுடனே நிரப்புங்கள்.

பொங்கல் படத்தை அக்டோபருக்குள் ஏற்றினால்தான் பத்திரிகைகளும் விளம்பரக்காரர்களும் தேடும்போது அது தளத்தில் இருக்கும். இந்தத் தையில் எடுத்த பானையும் கரும்பும் அடுத்த தைக்குத்தான் விற்பனைக்கு.