அரபு மகாம், ஜாஸ், நம்ம உடுக்கை: ஊரை விட்டு வந்தவங்க கதைக்கு இசை கட்டுவது எப்படி?

முதலில் இரண்டு பேருடைய இசையைக் கேளுங்கள். ரஹீம் அல்ஹாஜ், பாக்தாத்காரர், ஊத் என்கிற அரபுத் தந்திக் கருவி வாசிப்பவர். சதாம் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1991-ல் நாட்டை விட்டுக் கிளம்பி, 2000-ல் அமெரிக்காவுக்கு அகதியாகப் போனவர். இராக்கிலிருந்து வந்த கடிதங்களை வைத்தே 2017-ல் ஒரு இசைத்தொகுப்பு போட்டார், ஒரு கடிதத்துக்கு ஓர் இசை என்று. பில் ஃப்ரிசெல் என்கிற ஜாஸ் கிதார்காரரோடும் வாசித்திருக்கிறார். அடுத்தவர் ரபீ அபூ கலீல், பெய்ரூட்காரர், அவரும் ஊத் வாசிப்பவர்தான். உள்நாட்டுப் போரால் 1978-ல் மியூனிக் போனவர், 1992-ல் வந்த அவருடைய 'புளூ கேமல்' தொகுப்பில் சாக்ஸபோன் வாசித்த சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்றவர், தாளத்துக்கு நம்ம சென்னையின் ரமேஷ் ஷோத்தம். ஆக இந்தக் கூட்டுக்கு நாம் ஒன்றும் புது ஆள் இல்லை.

கேட்டாச்சா? சரி, இப்போது கதையைப் பிடிங்க. ராகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாலைவனக் காற்று மாதிரி ஒரு சத்தத்தை கீபோர்டில் போட்டு, மேலே நாலு அரபுச் சுரம் தூவி, 'ஃப்யூஷன்' என்று மேடையேற்றுவதை நிறையப் பார்த்தாச்சு, அதில் எவர் கதையும் இருக்காது. கொங்கு நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கா பஞ்சம்? பவானிசாகரிலும் அரச்சலூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். பவானிசாகர் அணை கட்டினபோது ஊரையே தண்ணிக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கடைசிக் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: அணைக்குள் போன தணாயக்கன்கோட்டை, தண்ணி வற்றினால் அதன் பழைய கோயில் வெளியே தெரியும்.

சொல்கிறவரிடம் போய் உட்காருங்க. “ஏனுங் அப்பாரு, கெளம்புன அன்னைக்கு எதை எடுத்துட்டு வந்தீங்க?” என்று கேட்டாலே போதும், “உங்க வலியைச் சொல்லுங்க” என்று கேட்காதீங்க. ஆட்டுக்கல்லா, மாடா, சாமி விளக்கா, எதைச் சொல்கிறாரோ அதுதான் உங்கள் பாட்டின் நடு. பதிவு பண்ணலாமா, பேரைச் சொல்லலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. முகாமில் இருப்பவர்கள் விஷயத்தில் இதில் ரொம்பக் கவனம் வேண்டும், ஊரில் இன்னும் உறவுக்காரங்க இருப்பாங்க.

இப்போது மகாம், அதாவது அரபு இசையின் ராகம் மாதிரி. ஊர் ஊராகவே இருந்த பகுதிக்கு பயாத்தி என்கிற மகாமை எடுங்க. நம்ம கணக்கில் சொன்னால், இரண்டாம் சுரமான ரி-யை மேலே வைத்தால் நடபைரவி, கீழே வைத்தால் தோடி, பயாத்தியின் ரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வயலின்காரருக்குப் பிரச்சினை இல்லை, விரலை நடுவில் வைத்தால் போச்சு. ஆனால் கர்நாடக சங்கீதம் படித்த கை அந்த இடத்துக்கு வந்ததும் தானாகவே அசைக்கும், கொஞ்ச நாளைக்கு அந்த ரி-யை மட்டும் அசையாமல் நிறுத்திப் பழகச் சொல்லுங்க. நாகஸ்வரத்திலும் ஊதும் அழுத்தத்தால் பிடித்துவிடலாம். கீபோர்டில் ஸ்கேல் டியூனிங் (ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனியாக மாற்றும்) வசதி இருந்தால், டி (D) கட்டையை ஸ-வாக வைத்துக்கொண்டு ஈ (E) கட்டையை மட்டும் 50 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் பாதி, இறக்குங்க. அந்த வசதி இல்லாத பெட்டி என்றால் அது ரி-யைத் தொடவே வேண்டாம்.

கார்டு (chord, பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து வாசிப்பது) போடுகிறவருக்கு இங்கேதான் சிக்கல். நடு ரி-க்குக் கீழே முழு ஜாஸ் கார்டு போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும், காது கூசும். ஸ, ம, ப மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்க. கிதார்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, அவருக்கு வேலை பின்னால் இருக்கிறது.

கிளம்பும் நாள் வந்ததும் மகாம் மாற வேண்டும். பயாத்தியின் மத்யமத்தை ஸ-வாக நினைத்துக்கொண்டு அங்கிருந்து மாயாமாளவகௌளையின் ஸரிகம-வை வாசித்துப் பாருங்க. அரபு இசையில் இதற்கு ஹிஜாஸ் என்று பேர், பயாத்தியிலிருந்து நாலாம் சுரத்தில் ஹிஜாஸுக்கு ஏறுவது அவர்களிடம் ரொம்பப் பழக்கமான வழி. அடிச் சுரம் அப்படியே இருக்கும், மேலே வானம் மட்டும் நிறம் மாறின மாதிரி இருக்கும்.

தாளத்துக்கு ஸமாயி என்கிற அரபுத் தாளம், பத்து எண்ணிக்கை: தகிட தக தக தகிட. உடுக்கைக்காரரிடம் பத்து என்று மட்டும் சொன்னால் கண்ட சாபுவை இரண்டு தரம் போட்டு, தக தகிட தக தகிட என்று வாசித்துவிடுவார். கூட்டினால் பத்துதான், நடை வேற. அதனால் வாயில் சொல்லிக் காட்டுங்க: ஒன்று, ஆறு, ஏழில் கனத்த அடி, நாலிலும் எட்டிலும் வறட்டு அடி. கனத்த அடிக்கு உடுக்கையின் இடுப்புக் கயிற்றைத் தளர்த்தியும் வறட்டு அடிக்கு இறுக்கியும் வாசித்தால் அரபுத் தாளக் கருவிகளின் தும்-தக் அப்படியே வந்து உட்காரும். அண்ணன்மார் கதைக்கு ராத்திரி முழுக்க உடுக்கையடித்துப் பழகின கைக்கு இது பெரிய வேலையே இல்லை.

தண்ணி ஏறும் இடத்தை ஜாஸுக்கு விடுங்க. பத்து எண்ணிக்கைக்குள் ஒரு சின்ன பேஸ் (கீழ்ச்சுர) வரி, அதையே திரும்பத் திரும்ப. இங்கே மட்டும் ஸ-வை மாற்றாமல் கீரவாணிக்குப் போய்விடுங்க, நடு ரி இல்லாததால் கார்டு தாராளமாகப் போடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை தனியாக வாசிக்க வாய்ப்பு, சாக்ஸ் கிடைக்காவிட்டால் கிளாரினெட், பேண்டு செட்டில் கேட்டால் ஆள் கிடைப்பார். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் குறைத்து வாசிக்கணும். இதைப் பழக்குவதற்குத்தான் ஒத்திகையில் பாதி நேரம் போகும்.

பேச்சு எங்கே வரும்? தாளம் இல்லாமல் ஒற்றைக் கருவி மட்டும் ஆலாபனை மாதிரிப் போகும் தக்ஸீமில். ஒரு வாக்கியம் சொல்லணும், கருவி பதில் சொல்லணும், அப்புறம் அடுத்த வாக்கியம். அப்பாரு சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க, மேடைத் தமிழுக்கு மாற்றாதீங்க. மொத்தம் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

மேடைக்கு முன்னால் ஒரு தரம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே, மைக் இல்லாமல் வாசித்துக் காட்டிவிடுங்க. அவர் 'இது வேண்டாங்கண்ணு' என்று சொல்லும் வரியை எடுத்துவிடுங்க, அது உங்களுக்கு ரொம்பப் பிடித்த வரியாக இருந்தாலும் சரி. உடுக்கைக்காரருக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்க, பஸ் காசு தனி.