லினக்ஸ் கெர்னலில் மெமரியும் லாக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் கை பழகியவர்கள் முதன்முதலாக லினக்ஸ் டிரைவர் எழுத உட்காரும்போது, மெமரி கேட்கும் மாலாக் இருந்த இடத்தில் கெர்னலின் கேமாலாக், பிதிரெட் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்) இருந்த இடத்தில் கெர்னல் மியூடெக்ஸ் என்று மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பைல் ஆகும். ஓடவும் செய்யும். மாதக்கணக்கில் ஓடிவிட்டு, லோடு ஏறிய ஒரு நாளில் மெஷின் அப்படியே நின்றுபோகும்.

பாடப்புத்தகங்களில் மெமரி ஒரு அத்தியாயம், லாக் இன்னொரு அத்தியாயம். கெர்னலில் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. மெமரி கேட்டால் சில சமயம் காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்கலாமா கூடாதா என்பது நீங்கள் அப்போது பிடித்திருக்கும் லாக்கைப் பொறுத்தது. மெமரியை விடுவிக்கும்போது, அதை இன்னும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். அதற்கும் லாக்கைத்தான் கேட்க வேண்டும். மோசமான பிழைகள் இந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் பிறக்கின்றன.

ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்பது

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை தூங்காமல் சுழன்று காத்திருக்கும் லாக்) எடுத்த பிறகு, ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் கேமாலாக்கை அழைப்பது. அந்தக் கொடிக்கு என்ன பொருள்? "மெமரி உடனே இல்லாவிட்டால் பரவாயில்லை, நான் தூங்கிக் காத்திருக்கிறேன், நீ எங்கிருந்தாவது தேடிக் கொடு" என்பதுதான். கெர்னலும் அதை நம்பி, பழைய பக்கங்களை வெளியேற்றும், அழுக்குப் பக்கங்களை (மாற்றப்பட்டு இன்னும் டிஸ்க்குக்குப் போகாதவை) டிஸ்க்கில் எழுதவிட்டுக் காத்திருக்கும். அந்த நேரம் முழுக்க உங்கள் ஸ்பின்லாக் உங்களிடமே இருக்கிறது. வேறொரு சிபியு அதே லாக்குக்காகச் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நீங்கள் தூங்கிய அதே சிபியுவில் அடுத்து ஓட வரும் டாஸ்க்கும் அந்த லாக்கையே கேட்டால் கதை முடிந்தது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. உங்கள் லேப்டாப்பில் மெமரி தாராளமாகக் காலியாக இருக்கும்போது கேமாலாக் தூங்குவதே இல்லை, கேட்டவுடன் கொடுத்துவிடும். அதனால் எத்தனை முறை சோதித்தாலும் பிழை தலைகாட்டாது. இதற்காகவே கெர்னல் கான்ஃபிக்கில் டீபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற ஆப்ஷன் இருக்கிறது. உண்மையில் தூங்கினீர்களா என்று அது பார்ப்பதில்லை. தூங்கக்கூடிய ஒரு ஃபங்ஷனைத் தூங்கக்கூடாத இடத்தில் அழைத்தாலே "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வாலிட் கான்டெக்ஸ்ட்" என்று டிமெசேஜ் என்ற கெர்னல் செய்திப் பதிவில் கொட்டிவிடும்.

அந்த வரியைப் பார்த்ததும் பலரும் செய்வது, ஜிஎஃப்பி_கெர்னலை அழித்துவிட்டு ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று எழுதுவது. எச்சரிக்கை மறைந்துவிடும், ஆனால் வேறொரு பிரச்சினையை வாங்கிக்கொண்டீர்கள். அட்டாமிக் கொடி, அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்த இருப்பிலிருந்தும் எடுக்கும். அது தீர்ந்தால் காத்திருக்காமல் வெறும் நல் பாயின்டரைத் திருப்பிவிடும். ஹார்டுவேர் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர் தூங்கவே கூடாது, அதற்கு வேறு வழியில்லை, சரி. சாதாரண பாதையில் ஓடும் உங்கள் கோடுக்கு எதற்கு?

முதலில் மெமரியை வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் லாக்கை எடுங்கள். பட்டியலில் ஒரு புதிய பதிவைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாக் இல்லாத நிலையில் கேமாலாக்; பிறகு ஸ்பின்லாக்; உள்ளே போனதும் அதே சாவியோடு வேறு யாரும் இதற்குள் பதிவைச் சேர்த்துவிட்டார்களா என்று மறுபடி தேடுங்கள். இல்லையென்றால் கோத்துவிட்டு அன்லாக். இருந்தால் அன்லாக் செய்துவிட்டு, வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுங்கள். அந்த மறுபடி தேடும் படியை விட்டுவிடுபவர்கள் அதிகம்; ஒரே சாவியில் இரண்டு பதிவுகள் வந்து உட்கார்ந்துவிடும்.

யூசர் புரோகிராமின் மெமரியிலிருந்து தரவைக் கெர்னலுக்குள் எடுக்கும் காப்பி_ஃப்ரம்_யூசருக்கும் இதே விதிதான். யூசர் பக்கம் மெமரியில் இல்லாமல் பேஜ் ஃபால்ட் வந்தால் அதுவும் தூங்கும். இன்னொன்று: 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து ரியல்டைம் (குறித்த நேரத்துக்குள் பதில் தரும்) வசதி முதன்மைக் கெர்னலிலேயே கிடைக்கிறது. அதை இயக்கினால் சாதாரண ஸ்பின்லாக்கே தூங்கும் லாக்காகிவிடும், ரா ஸ்பின்லாக் மட்டும்தான் பழையபடி சுழலும். அதற்குள் அட்டாமிக் கொடியோடு மெமரி கேட்பதுகூடத் தவறு.

ஃபைல் சிஸ்டம் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு பொறி உண்டு. நீங்கள் தூங்கலாம் என்ற நிலையில் இருந்தாலும், மெமரியைத் தேடிப் போகும் கெர்னல் உங்கள் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே திரும்பி வந்து, நீங்கள் பிடித்திருக்கும் அதே லாக்கைக் கேட்கலாம். ஒரே திரெட் தனக்காகத் தானே காத்திருக்கும். மெமரி தேடும்போது ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாதே என்று சொல்லும் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் கொடி இதற்குத்தான். இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் அதைத் தூவுவதைவிட, லாக் எடுக்கும் இடத்தில் மெமாலாக்_நோஎஃப்எஸ்_சேவ் போட்டு அந்தப் பகுதி முழுவதையும் குறித்துவிடுவது நல்லது.

இன்டரப்டும் லாக் வரிசையும்

இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொடும் லாக்கை, வெறும் ஸ்பின்_லாக் கொண்டு எடுக்காதீர்கள். லாக் உங்களிடம் இருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகச் சுழலும். ஹேண்ட்லர் முடியாமல் நீங்கள் ஓட முடியாது. லாக்கோடு இன்டரப்டையும் தடுத்துவைக்கும் ஐஆர்க்யூசேவ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு லாக்குகளை இரண்டு இடங்களில் வெவ்வேறு வரிசையில் எடுப்பதால் வரும் டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து இருவரும் நின்றுபோவது) எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் கண்டுபிடிக்க இங்கோ மோல்னார் எழுதிய லாக்டெப் 2006-இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. டெட்லாக் நடந்தே ஆக வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. ஒரு வரிசையை இன்று காலையிலும் எதிர் வரிசையை மாலையிலும் பார்த்தால் போதும், கத்திவிடும். அதை வாயடைக்க, "இது லாக்குக்குள் லாக், சரிதான்" என்று சொல்லும் நெஸ்டட் வகை ஃபங்ஷன்களை அள்ளிப் போடுவதை ரிவ்யூவில் பார்த்தால் விடாதீர்கள். இரண்டு லாக்குகளுக்கும் நிஜமாகவே மேல்-கீழ் உறவு இருந்தால் மட்டுமே அது சரி. லாக்டெப் முதல் எச்சரிக்கையோடு தன்னையே நிறுத்திக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும். அறிமுகமான ஓர் எச்சரிக்கையைச் சரிசெய்யாமல் விட்டால், அடுத்த ரீபூட் வரை அதற்குப் பின்னால் வரும் புதிய பிழைகள் ஒன்றும் தெரியாது.

பொருளுக்குள் இருக்கும் லாக், அந்தப் பொருளைக் காப்பாற்றாது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள் ஒரு மியூடெக்ஸ். பட்டியலில் தேடி அந்த ஸ்ட்ரக்ட்டின் பாயின்டரை எடுக்கிறீர்கள், பட்டியலின் லாக்கை விடுகிறீர்கள், பிறகு ஸ்ட்ரக்ட்டின் மியூடெக்ஸை எடுக்கிறீர்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் வேறொரு திரெட் அந்த ஸ்ட்ரக்ட்டையே கேஃப்ரீ கொண்டு விடுவித்துவிட்டால்? வீட்டையே இடித்த பிறகு அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் தேடுவது போலத்தான்.

பட்டியலின் லாக் கையில் இருக்கும்போதே ரெஃபரன்ஸ் கவுன்ட்டை (பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) ஏற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் லாக்கை விடலாம். எண்ணிக்கை ஏற்கெனவே பூஜ்யத்துக்குப் போய், பட்டியலிலிருந்து மட்டும் இன்னும் கழற்றப்படாமல் நிற்கும் பொருளும் கண்ணில் படலாம். அதற்கு, பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் எண்ணிக்கையை ஏற்றும் கேரெஃப்_கெட்_அன்லெஸ்_ஜீரோ இருக்கிறது. அது தோல்வி என்றால் அந்தப் பொருள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மியூடெக்ஸில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கமும் உண்டு. மியூடெக்ஸ்_அன்லாக் திரும்பி வருவதற்குள்ளேயே இன்னொரு திரெட் அந்த லாக்கைப் பெற்றுவிடலாம்; அப்போதும் அன்லாக் கோடு அந்த மெமரியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் "நான் அன்லாக் செய்ததும் அடுத்தவர் பொருளை விடுவிக்கட்டும்" என்ற ஏற்பாட்டுக்கு மியூடெக்ஸ் ஆகாது. தனியே ரெஃபரன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைக் குறைக்க மறந்தால் மெமரி வீணாகும், அவ்வளவுதானே என்பவர்களுக்கு 2016-இல் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்புப் பிழை இருக்கிறது. சாவிகளைச் சேர்த்துவைக்கும் கெர்னலின் கீரிங் கோடில், ஒரு பாதையில் மட்டும் ரெஃபரன்ஸ் திருப்பித் தரப்படவில்லை. அந்த அழைப்பைச் சுமார் 429 கோடி முறை செய்தால் 32 பிட் எண் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பயன்பாட்டில் உள்ள பொருள் விடுவிக்கப்படும். அதிலிருந்து ரூட் அனுமதி வரை போகலாம். 2017-இல் 4.11 பதிப்பில் வந்த ரெஃப்கவுன்ட்_டி வகை இப்படிச் சுற்றி வராமல் உச்சத்திலேயே நின்றுவிடும். இன்றும் வெறும் அட்டாமிக்_டி வைத்து ரெஃபரன்ஸ் எண்ணுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

லாக் கையில் இருந்தும் வழுக்கலாம். 2023-இல் வெளிவந்த ஸ்டாக்ராட் பிழை (சிவிஇ-2023-3269) அதற்கு உதாரணம். ஒரு பிராசஸின் மெமரிப் பகுதிகளைக் கெர்னல் 6.1 முதல் மேப்பிள் ட்ரீ என்ற மரத்தில் வைத்திருக்கிறது. ஸ்டாக் வளரும்போது அந்தப் பகுதிகளைக் காக்கும் எம்மேப் லாக்கைப் படிக்கும் முறையில் (பலர் ஒரே நேரத்தில் பிடிக்கலாம்) மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தை மாற்றுவது பழைய வழக்கம். மேப்பிள் ட்ரீயோ சில சமயம் கணுவைத் திருத்தாமல் புதுக் கணுவை வைத்துவிட்டு, பழையதை ஆர்சியு (படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் முறை) மூலம் பிறகு விடுவிக்கும். அதே லாக்கைப் படிக்கும் முறையில் பிடித்துக்கொண்டு, ஆர்சியு பகுதிக்கு வெளியே நின்று பழைய கணுவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது காணாமல் போனது. தீர்வாக, ஸ்டாக்கை விரிக்க எழுதும் முறை லாக் கட்டாயமானது. லாக்கை எடுத்தோமா என்பதோடு, எதற்கு எதிராக அது காக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கெர்னல் பிழையில் சிக்கும்போது கொட்டும் ஊப்ஸ் பதிவில் ரெஜிஸ்டர்களைப் பாருங்கள். ஸ்லப் பாய்சனிங் இயங்கும் கெர்னலில் விடுவித்த மெமரி 6பி என்ற (ஹெக்ஸ்) பைட்டால் நிரப்பப்படும். 6பி6பி6பி6பி என்று ஒரு பாயின்டர் கண்ணில் பட்டால், யாரோ நினைவகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அலைய வேண்டாம், விடுவித்ததைத் தொட்டிருக்கிறீர்கள். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேஏசான் கருவியை இயக்கி ஓட்டினால், வாங்கியது எந்த வரியில், விடுவித்தது எந்த வரியில் என்று இரண்டு ஸ்டாக் ட்ரேஸையும் காட்டும். வேகம் குறையும், மெமரியில் எட்டில் ஒரு பங்கும் போகும், அதனால் சோதனை மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூடவே ஃபெயில்ஸ்லாபையும் இயக்குங்கள். கேமாலாக்கை வேண்டுமென்றே அவ்வப்போது தோற்க வைக்கும் வசதி அது. மெமரி கிடைக்காதபோது ஓடும் கோடை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. நடுவிலேயே ரிட்டர்ன் ஆகி அன்லாக் விடுபட்ட பாதைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதிதாக எழுதும் கோடு என்றால் 2023-இல் 6.5 பதிப்பில் வந்த கார்டு மேக்ரோவைப் பயன்படுத்தலாம். ஃபங்ஷனை விட்டு எந்த வழியாக வெளியேறினாலும் அன்லாக் தானாக நடந்துவிடும்.