வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறீர்களா? திரும்பும் வண்டியிலிருந்து தொடங்குங்கள்

சொந்த மைதானத்தில் எத்தனை கால்பந்து ஆட்டம் பார்த்திருந்தாலும், எதிரணியின் ஊருக்குப் போய் ஒரு மூலையில் கொஞ்சம் பேராக நின்று தொண்டை கிழியக் கத்தும் சுகம் தனி. முதன்முறை கிளம்பியபோது எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். டிக்கெட் இருந்தது, ரயில் முன்பதிவு இருந்தது, ஜெர்சியைக்கூடத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். கடைசியில் விடிய விடிய ஒரு ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அது ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன். அவசரமென்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

இணையத்தில் டிக்கெட் எடுப்பது, ரூம் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அட்டவணையில் உள்ள தேதியை நம்ப வேண்டாம்

சீசன் தொடங்குமுன் வெளியாகும் அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் உத்தேசத் தேதி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டியல் வரும்போது நிறைய ஆட்டங்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றே போட்டிருக்கும். அப்புறம் தொலைக்காட்சிக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுப்பார்கள். அதே ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கோ திங்கள் இரவுக்கோ நகர்ந்துவிடும். இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி லீக்குகளிலும் எந்த வார இறுதி என்பது முதலிலேயே தெரியும். எந்த நாள், எத்தனை மணி என்பது பின்னால்தான் வரும். நடுவில் கோப்பைப் போட்டி ஒன்று குறுக்கிட்டால் மொத்த ஆட்டமும் வேறொரு வாரத்துக்கே போகலாம்.

அதனால் கிளப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் நாளும் நேரமும் உறுதியாகும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளை மட்டும் செய்யுங்கள். ரூம் விஷயத்தில் இது சுலபம்; கடைசி நாள்வரை கேன்சல் செய்யக்கூடிய ரூம்கள் நிறைய உண்டு. ரயிலிலும் விமானத்திலும் மலிவான டிக்கெட் என்றாலே பெரும்பாலும் பணம் திரும்ப வராத டிக்கெட். உறுதியாகும்வரை காத்திருந்தால் விலை ஏறும்தான். ஏறட்டும். நான் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வைத்து, ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனதும் அதே பயணத்துக்கு இரண்டாவது முறை பணம் கட்டினேன். மிச்சம் பிடித்ததைப் போல மும்மடங்கு போயிற்று.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தான் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததை எழுதியிருந்தார். வண்டி தாமதம் இல்லை. ஸ்கோர் பார்க்கும் செயலிகள் ஆட்ட நேரத்தை உங்கள் போன் இருக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றித்தான் காட்டும். அவர் வீட்டில் இருந்தபடி பார்த்த நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் நாட்டுக்குப் போயிருக்கிறார். நாடு தாண்டிப் போகிறவர்கள் உள்ளூர் அணியின் தளத்தில் உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையே மாற்றுவார்கள். அந்த வார இறுதியில் ஆட்டம் இருந்தால் இன்னும் கவனம்.

படி 2: டிக்கெட், உங்கள் கிளப் வழியாக மட்டும்

வெளியூர் ரசிகர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே எத்தனை இருக்கை என்பது போட்டியைப் பொறுத்தது. ஐரோப்பிய கிளப் போட்டிகளில், அவற்றை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் விதிப்படி மைதானக் கொள்ளளவில் குறைந்தது 5 சதவீதம். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லீகாவில் 10 சதவீதம். பிரீமியர் லீக்கில் 3,000 இருக்கைகள். மைதானம் 30,000 பேருக்கும் குறைவானது என்றால் கொள்ளளவில் 10 சதவீதம். பெரிய அணியின் ரசிகர் கூட்டத்துக்கு இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே கிளப்புகள் இதற்கு முன் எத்தனை வெளியூர் ஆட்டம் போனீர்கள் என்று புள்ளி போட்டு வரிசைப்படுத்துகின்றன. புதியவருக்கு முதல் சீசனிலேயே பரம எதிரியின் மைதானத்தில் இடம் கிடைக்காது. யாரும் அலட்டிக்கொள்ளாத, குளிர்காலத்து, வாரநாள் இரவு ஆட்டத்தில் தொடங்குங்கள். புள்ளியும் சேரும், பழக்கமும் வரும்.

விலையில் ஓர் ஆறுதல் உண்டு. பிரீமியர் லீக்கில் 2016-17 சீசனிலிருந்து வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25இல் 60 யூரோ என்றிருந்த வரம்பை 2025-26க்கு 50 யூரோவாகக் குறைத்தார்கள். இதைவிடப் பல மடங்கு விலை சொல்லி எவராவது வெளியூர்ப் பகுதி டிக்கெட்டை நீட்டினால், விஷயம் என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பதே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

“உள்ளூர் ரசிகர் பகுதியில் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன?” என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன், போனேன். எங்கள் அணி கோல் போட்டது. எழாமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்படியும் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. முன் வரிசையில் இருந்த ஆள் திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மீதி அரை மணி நேரம் அவர் திரும்புவாரா என்று பார்த்ததில் ஆட்டம் எனக்கு நினைவே இல்லை. நிறைய மைதானங்களில் இப்படிக் கண்டுபிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வேண்டாம்.

நாட்டுக்கு நாடு சில வில்லங்கங்கள்: இத்தாலியில் டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், நுழையும்போது அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நண்பர் பெயரில் எடுத்த டிக்கெட் உதவாது. துருக்கியில் 2014இலிருந்து பாஸோலிக் என்ற மின்னணு முறை வழியாகத்தான் டிக்கெட். அர்ஜென்டினாவில் 2013இல் வெளியூர் ரசிகர்களை உள்ளே விடுவதையே நிறுத்தினார்கள். பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. டிக்கெட்டுக்கு முன் இந்த விதிகளைப் படியுங்கள்.

படி 3: திரும்பும் வண்டி

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். போகும் வண்டியை எல்லோரும் கவனமாகப் போடுவார்கள். திரும்பும் வண்டிக்கு, “ஆட்டம் தொண்ணூறு நிமிடம், நடுவில் ஒரு இடைவேளை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்” என்று ஒரு மனக்கணக்கு. நானும் அதைத்தான் போட்டேன். ஆட்டம் இரவு 8 மணிக்கு. கடைசி ரயில் 11:20க்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறதே, காலாற நடந்து போகலாம் என்று நினைத்தேன்.

இரு அணிகளும் ஊர் மாற்றி இரண்டு முறை மோதும் கோப்பைப் போட்டியில் இரண்டாவது ஆட்டம் அது. இரண்டு ஆட்டங்களின் மொத்த கோல்கள் சமமாகிவிட்டன. 2021இல் யூஃபா வெளியூர் கோல் விதியை எடுத்துவிட்டதைச் செய்தியாகப் படித்திருந்தேன். என் ரயிலோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. முன்பு மொத்த கோல் சமமானாலும், வெளியூரில் அதிக கோல் போட்ட அணி அத்தோடு முன்னேறிவிடும், ஆட்டம் முடிந்துவிடும். இப்போது சமம் என்றால் கூடுதல் நேரம்தான். இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையிலும் 2024-25இலிருந்து முதல் சுற்று தொடங்கி, சமமானால் இன்னொரு நாள் ஆடும் மறு ஆட்டம் கிடையாது. அங்கேயும் சமமானால் அன்றைக்கே கூடுதல் நேரம், அன்றைக்கே பெனால்டி.

விசில் அடித்ததும் பக்கத்தில் இருந்த நண்பன் மெதுவாகக் கேட்டான்: “டேய், கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு சொன்ன?”

பெனால்டியில் ஜெயித்தோம். அப்போது மணி 10:45. ஓடினால் பிடித்துவிடலாம் என்று படியிறங்கினால் வாசல் பூட்டியிருந்தது. உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை வெளியூர் ரசிகர்களை உள்ளேயே நிறுத்தி வைப்பது பல நாடுகளில் வழக்கம். அரை மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு வரி, காலை 5:12 வண்டி. தரை துடைக்க வந்தவர் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் துடைப்பத்தை நிறுத்தினார். நாங்கள் காலைத் தூக்கினோம். அடியில் துடைத்துவிட்டுப் போனார். விடிவதற்குள் இது மூன்று முறை நடந்தது.

இப்போது நான் போடும் கணக்கு இது. இரண்டு பாதியும் இடைவேளையும் சேர்த்து 105 நிமிடம். காயம், மாற்று வீரர், வீடியோ பரிசோதனை என்று நடுவர் சேர்க்கும் நேரத்துக்கு 15 நிமிடம். அதை இரண்டு மூன்று என்று நினைக்காதீர்கள். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டுமே 14 நிமிடம் கொடுத்தார்கள். ஆக, இரண்டு மணி நேரம். கோப்பை ஆட்டமென்றால் கூடுதல் நேரத்துக்கும் பெனால்டிக்கும் இன்னொரு ஒரு மணி நேரம். வாசலில் நிறுத்தி வைக்க 45 நிமிடம். நிலையத்துக்கு நடக்க மேப் காட்டும் நேரத்தைப் போல இரண்டு பங்கு, ஏனென்றால் மேப் காட்டும் சாலையில் அன்றைக்குப் பத்தாயிரம் பேர் நடப்பார்கள்.

8 மணி கோப்பை ஆட்டத்துக்கு இதைக் கூட்டிப் பார்த்தால் நள்ளிரவைத் தாண்டும். தாண்டினால் அந்த ஊரிலேயே தங்குங்கள். இல்லையென்றால் கிளப்போ ரசிகர் மன்றமோ ஏற்பாடு செய்யும் பேருந்தில் போங்கள். மன்றப் பேருந்தில் பாட்டுச் சத்தம் தலைவலி, நடுவழியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார்கள். ஆனால் பெனால்டி எத்தனை மணிக்கு முடிந்தாலும் நமக்காக நிற்கும் வண்டி அது ஒன்றுதான். இரவு ஆட்டமென்றால் நான் இப்போது வேறு எதையும் யோசிப்பதில்லை.

பயணத் திட்டச் செயலிகள் நிறையப் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அவை ஒத்துவரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் கடைசி வண்டியை மேலே எழுதி, அங்கிருந்து கீழே கீழே முந்தைய நேரங்களை எழுதுகிறேன். சட்டைப் பையில் இருந்தால் போதும், சார்ஜ் கேட்காது.

படி 4: மைதானம் எந்த ஊரில் இருக்கிறது?

அணியின் பெயரில் உள்ள நகரத்தின் மையத்தில்தான் மைதானம் இருக்கும் என்று நினைத்து ரூம் போடாதீர்கள். பேயர்ன் மியூனிக்கின் அலியான்ஸ் அரீனா நகரின் வடக்கு ஓரத்தில், யூ6 மெட்ரோ பாதையில் ஃப்ரட்மானிங் நிறுத்தத்தில் இருக்கிறது. ஷால்க்க என்று அணிக்குப் பெயர். போக வேண்டிய ஊர் கெல்சன்கிர்ஷன். 2005, 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்கள் நடந்த இஸ்தான்புல் அட்டாடர்க் ஒலிம்பிக் மைதானம் நகர மையத்திலிருந்து வெகு தூரம்.

மைதானத்தைக் கண்டுபிடித்த பிறகு வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூர் ரசிகர் வாசல் பெரும்பாலும் பிரதான வாசலுக்கு நேர் எதிர்ப்புறம். சுற்றிப் போகலாம் என்றால் வேலி போட்டு அடைத்திருப்பார்கள். மேப்பில் மைதானத்தின் பெயரைக் குறிக்காமல், டிக்கெட்டில் உள்ள வாசலுக்குப் பக்கத்துத் தெருவைக் குறித்து, இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது சிக்னல் இருக்காது.

படி 5: பை, போன், ஜெர்சி

பையைக் கொண்டுபோகவே கொண்டுபோகாதீர்கள். பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போக இடமும் இருக்காது. தங்கும் இடத்திலோ ரயில் நிலைய லாக்கரிலோ போட்டுவிடுங்கள்.

டிக்கெட் போனில் இருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். சில கிளப்புகளின் குறியீடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். வீட்டிலேயே போன் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். சின்ன பவர் பேங்க் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஜெர்சிக்கு மேல் ஒரு சாதாரண மேல்சட்டை. உள்ளே போனதும் கழற்றுங்கள், வெளியே வருமுன் மாட்டுங்கள். எந்த ஊராக இருந்தாலும் இப்படித்தான்.

பின்சேர்க்கை 2: ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மூடுபனி, பனிப்பொழிவு, தண்ணீர் தேங்கிய தரை இவற்றால் ஆட்டத்தன்றே நிறுத்துவதுண்டு. டிக்கெட் பெரும்பாலும் புதிய தேதிக்குச் செல்லும், இல்லையேல் பணம் திரும்ப வரும். பயணச் செலவை யாரும் தரமாட்டார்கள். குளிர்காலமென்றால் வண்டியேறுமுன் இரண்டு கிளப்புகளின் சமூக ஊடகக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். தரையைப் பரிசோதிக்க நடுவர் காலையில் வருகிறார் என்ற அறிவிப்பு இருந்தால், அவர் பார்த்து முடிவு சொல்லும்வரை வீட்டிலேயே இருங்கள்.