கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் பின்னல் வகுப்புக்கு வருபவர்களில் பலர், ஊசி பிடிப்பதையும் கண்ணி ஏற்றுவதையும் காணொளி பார்த்தே ஓரளவு கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நூல் சுற்றுவதைத் தனியாகக் கற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தொடக்கத்தில் எனக்கும் தோன்றவில்லை. அதனால் நான் செய்த அதே பிழைகளை இன்று அவர்கள் கைகளில் பார்க்கிறேன். இயந்திரத்தில் சுற்றி விற்கப்படும் உருண்டைகளை அப்படியே பயன்படுத்தலாம். முறுக்கிய வளையமாக வரும் சிட்டங்களைத்தான் நாமே சுற்ற வேண்டும், நல்ல கம்பளி நூல் பெரும்பாலும் அந்த வடிவில்தான் கிடைக்கிறது. நூலின் நுனியைத் தொலைப்பது, பூனைக்கு எட்டும்படி வைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டுகளை அவசரப்பட்டு அறுப்பது

சிட்டத்தின் முறுக்கைப் பிரித்ததும் அது ஒரு பெரிய வளையமாக விரியும். அதன் இரண்டு முதல் நான்கு இடங்களில் சிறு நூல்கள் கட்டப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றில் நூலின் இரு முனைகளும் சேர்த்து முடிச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. வளையத்துக்குள் இரு கைகளையும் நுழைத்து, சுருக்கென்று இரண்டு மூன்று முறை உதறி, இழைகள் ஒன்றையொன்று தாண்டாமல் கிடக்கின்றனவா என்று பார்த்த பிறகு, குடைபோல் விரியும் சுழல்சட்டத்தில் ஏற்றுங்கள். சட்டம் இல்லையென்றால் இரண்டு நாற்காலிகளின் முதுகுகள் போதும், அல்லது எதிரே உட்கார்ந்து இரு கைகளையும் நீட்டிப் பிடித்துக்கொள்ளப் பொறுமையுள்ள ஒருவர் போதும். ஏற்றிய பின்னரே கட்டுகளை அறுக்க வேண்டும். மடியில் வைத்து அறுத்துவிட்டுப் பிறகு சட்டத்தில் மாட்டலாம் என்று தொடங்கியவர்கள், 100 கிராம் மெல்லிய காலுறை நூலில் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கிறது என்பதை அந்தச் சிக்கலைப் பிரிக்கும்போதுதான் உணர்கிறார்கள்.

வாங்கிய அன்றே எல்லாவற்றையும் சுற்றிவைப்பது

வேண்டாம். அடுத்துப் பின்னப்போகும் சிட்டத்தை மட்டும் சுற்றுங்கள். சுற்றிய நூலைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

இறுக்கிச் சுற்றுவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எத்தனை முறை எச்சரித்தாலும் மாணவர்கள் கல்லைப் போன்ற உருண்டையோடு வந்து நின்று, "எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது பாருங்கள், டீச்சர்!" என்று பெருமையோடு நீட்டுகிறார்கள். கச்சிதமாக இருக்கும் உருண்டை அழகானது என்ற எண்ணத்தை அவர்களிடமிருந்து அகற்றுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் வேலையாகவே இருக்கிறது.

கம்பளி இழைக்கு இயல்பிலேயே நெளிவு உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் துள்ளல்தான் கம்பளி ஆடை உடலோடு ஒட்டி நிற்பதற்குக் காரணம். இறுக்கிச் சுற்றும்போது நூல் நீண்ட நிலையிலேயே அடைபட்டுவிடுகிறது. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை வெகுவாக உறிஞ்சக்கூடியது. ஈரமேறிய இழையை இழுத்தபடியே நெடுநாள் வைத்திருந்தால் அந்த நீட்சி அதில் தற்காலிகமாகப் படிந்துவிடும். கோலாலம்பூரின் புழுக்கத்தில் அலமாரியில் சில மாதங்கள் கிடந்த இறுகிய உருண்டைக்கு நேர்வது இதுதான். பின்னும்போது வெளியே தெரியாது. ஆடையைத் தண்ணீரில் நனைத்தவுடன் இழை தன் பழைய நெளிவுக்குத் திரும்புகிறது, ஆடை சுருங்குகிறது.

என் மாணவி ஒருவர் மெல்பர்னில் படிக்கும் தம் அண்ணன் மகனுக்கு மெரினோ ஆட்டுக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னினார். சுழல்சட்டத்தின் திருகை இறுக்கி வைத்து, நூலை உருளையாகச் சுற்றும் சிறு கருவியான வைண்டரின் கைப்பிடியை வேகவேகமாகச் சுழற்றி, எல்லாச் சிட்டங்களையும் ஒரே இரவில் முடித்துவிட்டு, தீபாவளி வேலைகள் எல்லாம் ஓய்ந்த பிறகு பின்னத் தொடங்கினார். சுற்றிய மறுநாளே மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, அளந்து வைத்திருந்ததால் தமக்கு எந்தக் குறையும் வராது என்று அவர் நம்பினார். ஆனால் அந்தத் துண்டு அப்போதுதான் சுற்றிய நூலின் வெளிப்புறச் சுற்றுகளிலிருந்து வந்தது. ஸ்வெட்டரோ மாதக்கணக்கில் இழுபட்டுக் கிடந்த நூலிலிருந்து வந்தது. மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் இருந்தன, துவைத்த ஸ்வெட்டரில் 24 ஆகிவிட்டன. மார்புச் சுற்றுக்கு 220 கண்ணிகள் என்றால் 100 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டியது 92-க்கும் கீழே போய்விட்டது. பின்னலில் ஒரு கண்ணிகூடப் பிழையில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை அந்தப் பையனுக்குப் போட முடியாமல் போனதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

இன்னொரு கேடும் இதில் உண்டு. ஒரே உருண்டையிலும் உள்சுற்றுகளும் வெளிச்சுற்றுகளும் ஒரே அளவில் இறுகியிருப்பதில்லை. அதனால் ஆடையின் சில வரிசைகள் அதிகமாகவும் சில குறைவாகவும் சுருங்கி, துவைத்த பின் துணியில் மெல்லிய அலை விழும். பல ஆண்டுகள் பின்னியவர்களும் இதைத் தங்கள் கை சீராக இல்லாததன் விளைவு என்று நினைத்து வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

தடுப்பது எளிது. சுழல்சட்டம் விரலால் தொட்டாலே சுழலும்படி திருகைத் தளர்த்துங்கள். வைண்டரைச் சட்டத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஏறக்குறைய அதே உயரத்தில் பொருத்தி, நூலைக் கையால் பிடித்து நிறுத்தாமல் அதன் போக்கில் ஓடவிட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். முடிந்ததும் உருளையை வைண்டரின் தண்டிலிருந்து கழற்றி, நடுத்துளையைப் பாருங்கள். தண்டின் பருமனுக்கே துளை திறந்து நின்றால் நூல் தளர்வாக இருக்கிறது. கண்ணெதிரே துளை சுருங்கி, மேற்புறம் குவிந்து எழும்பினால் நூல் இறுகியிருக்கிறது என்று பொருள். அப்போது அதே உருளையிலிருந்து இன்னொரு முறை சுற்றுங்கள். சட்டத்தின் இழுப்பு இல்லாததால் இரண்டாவது உருளை பெரும்பாலும் பருத்து, மென்மையாக வரும். நான் எல்லாக் கம்பளி நூலையும் இப்படி இருமுறை சுற்றுகிறேன், நேரம் வீணாகிறது என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

கையால் சுற்றுபவர்கள் இடக்கையின் மூன்று விரல்களையும் சேர்த்தே சுற்றி, சில சுற்றுகளுக்கு ஒருமுறை விரல்களை உருவி, உருண்டையைத் திருப்பி, மீண்டும் விரல்களை மேலே வைத்துத் தொடர வேண்டும். விரல்கள் இருந்த இடமே நூல் மூச்சுவிடும் இடம். நோஸ்டெபின் என்னும் வழவழப்பான மரக்குச்சியில் சுற்றுபவர்களும் குச்சியைத் திருப்பிக்கொண்டே நூலைச் சாய்வாகப் படியவிட்டால் போதும், இழுக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் உருண்டை உங்களிடம் இருந்தால், அதை நாற்காலி முதுகில் மீண்டும் வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் 8 என்ற எண்ணின் வடிவில் தளர்வாகக் கட்டுப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிழியாமல் துண்டில் பொதிந்து அழுத்தி ஈரம் எடுத்த பின், எந்தப் பாரமும் தொங்கவிடாமல் மின்விசிறிக்கு நேரே காயவிடுங்கள். மழைக்காலத்தில் அடுக்குமாடி வீட்டில் இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முழுவதும் காயாத நூலைச் சுற்றிவிடாதீர்கள்.

பருத்தி நூலுக்கும் அக்ரிலிக்குக்கும் இந்த ஆபத்து மிகக் குறைவு. மலேசிய வெயிலுக்குப் பருத்தியே பொருத்தம் என்று அதிலேயே பழகியவர்கள், கேமரன் மலைப் பயணத்துக்காகவோ வெளிநாட்டில் இருக்கும் பேரக்குழந்தைக்காகவோ முதன்முறையாகக் கம்பளி வாங்கும்போது பழைய கைப்பழக்கத்தில் இறுக்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

வைண்டரின் கொள்ளளவை மீறுவது

வீட்டு வைண்டர்கள் பலவும் 100 கிராம் வரைதான் தாங்கும். அதற்கு மேற்பட்ட சிட்டத்தை இரண்டாகப் பிரித்துச் சுற்றுங்கள்.

வழுக்கும் நூலை நடுவிலிருந்து இழுப்பது

நடுவிலிருந்து நூல் எடுத்தால் உருளை உருளாமல் ஓரிடத்தில் நிற்கும் என்பதால் எல்லோரும் அதையே விரும்புகிறார்கள். கம்பளியில் அது சரி, இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் உருளை பெரும்பாலும் சரியாமல் நிற்கும். பட்டு நூலுக்கும் மூங்கில் நூலுக்கும் அந்தப் பிடிப்பு இல்லை. பாதி நூல் தீர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டானதும் மொத்த உருளையும் சரிந்து விழுந்துவிடும். இவற்றை வெளிப்புறத்திலிருந்தே எடுங்கள். உருளையை வாய் அகன்ற கிண்ணத்திலோ துணிப்பையிலோ வைத்துக்கொண்டால் ஓடாது.

மொஹேர்

அங்கோரா ஆட்டின் மயிரில் நூற்ற இந்த நூலை வெளியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அதன் மயிரிழைகள் உள்ளே கோத்துக்கொண்டால் கத்தரிக்கோல்தான் வழி.