ஆஸ்பத்திரி விடுதியில் ஒருவர் கை ஓங்கினால்

தாதியாகப் புதிதாக நியமனம் பெற்றுத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வரும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான்: கை ஓங்கும் ஆள் அதற்கு முன் எதற்கோ நெடுநேரம் காத்திருந்திருப்பார். மூதூரிலிருந்து அம்மாவை அம்புலன்ஸில் கொண்டுவந்த மகனிடம் என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்கும் முன்பே போய்ச் சொல்லுங்கள். “தம்பி, இரத்தம் எடுத்து அனுப்பியாச்சு. டொக்டர் தியேட்டரில் நிற்கிறார், வந்ததும் நானே கூப்பிடுறன்.” நேரம் தெரியாவிட்டால் ஒரு நேரத்தைச் சொல்லிச் சமாளிக்காதீர்கள். அது தாண்டினால் கோபம் இரட்டிப்பாகும்.

குரல் உயர்ந்துவிட்டதா? ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர் செக்யூரிட்டியைக் கூப்பிடட்டும். இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டாக, வாசல் உங்களுக்குக் கிட்ட இருக்கும்படி நில்லுங்கள். அவர் வெளியேறும் வழியையும் மறிக்க வேண்டாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிவிடுங்கள். தட்டில் கத்தரிக்கோல் இருந்தால் எடுத்துவிடுங்கள். “நானா, உங்கட பதற்றம் விளங்குது, இருந்து கதைப்பம்” என்று தாழ்ந்த குரலில் சொன்னால் பலர் இறங்கி வருவார்கள். இறங்காவிட்டால் மருந்து வண்டியை விட்டுவிட்டு விலகுங்கள், 119க்கு அழையுங்கள். அது கடமை தவறுவது ஆகாது.

நோயாளியே அடித்தால் முதலில் இரத்தத்தில் சீனியும் ஒட்சிசனும் எவ்வளவு என்று பாருங்கள். சீனி இறங்கியவரும், தலையில் அடிபட்டவரும், குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளானவரும் தன்னை அறியாமலே அடிக்கலாம். உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

“சின்ன அடிதானே, விடுங்கோ” என்பார்கள். விடாதீர்கள். சுகாதார ஊழியர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் எப்போதாவது தாக்கப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுதாமல் விட்ட அடி எந்தக் கணக்கிலும் வராது.

டியூட்டி முடியுமுன் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்: நேரம், கட்டில் இலக்கம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர்களின் பெயர். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். காயமிருந்தால் கன்றல் மறையுமுன் பொலிஸில் முறைப்பாடு செய்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். கடமையைச் செய்யவிடாமல் அரச ஊழியரைத் தாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவில் வரும் குற்றம். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, ஆகவே முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் முழுவதையும் வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். அன்று உங்களோடு டியூட்டியில் நின்ற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.