விழுந்த பிறகு செய்யும் தவறுகள்

ஒரே பாவத்தோடு வருடக்கணக்கில் போராடுகிற விசுவாசிக்கு, அந்தப் பாவத்தைவிட அதிகச் சேதம் செய்வது விழுந்த பிறகு அவர் எடுக்கும் முடிவுகள் என்றே நான் நினைக்கிறேன். கோபத்தில் வீட்டாரிடம் கத்தியாகிவிட்டது. பார்க்கக் கூடாததை மறுபடியும் செல்போனில் பார்த்தாகிவிட்டது. விட்டுவிட்டதாக நினைத்த குடியைத் தொட்டாகிவிட்டது. அப்புறம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ஜெபத்தை நிறுத்துகிறோம். 'இந்த முகத்தோடு ஆண்டவரிடம் எப்படிப் போவது? கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்துவிட்டுப் போகலாம்' என்று ஒதுங்குகிறோம். பார்ப்பதற்குத் தாழ்மை மாதிரி இருக்கும். உண்மையில், முதலில் என்னை நானே சுத்தம் செய்துகொண்டு வருகிறேன் என்று சொல்வதுதான் அது. அப்படிச் சுத்தம் செய்துகொள்ள நம்மால் முடியுமென்றால் சிலுவை எதற்கு?

எபிரெயர் 4:16 நம்மைத் தைரியமாய்க் கிருபாசனத்தண்டையில், அதாவது ஆண்டவருடைய கிருபையின் சிங்காசனத்துக்கு அருகில், சேரச் சொல்கிறது. இரக்கத்தைப் பெறுவதற்காக வரச் சொல்கிறது. இரக்கம் யாருக்குத் தேவைப்படும்? தவறியவனுக்குத்தானே.

இந்த இடத்தில் பேதுருவையும் யூதாசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே இரவில் விழுந்தார்கள்: யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான், பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்தான். இரண்டு பேருமே வருந்தினார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், 'பாவஞ்செய்தேன்' என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் அதை ஆசாரியரிடம் சொன்னான். 'எங்களுக்கென்ன?' என்ற பதில்தான் அங்கே கிடைத்தது. பிறகு தனியாகப் போனான். பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் யோவான் 21-ல், கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேள்விப்பட்டதும், படகு போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்து அவரிடம் போகிறான். அவன் மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவனிடம், 'உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்' என்று சொல்லியிருந்தார். விழுவான் என்று தெரிந்தே அவனுக்காக ஜெபித்தவர் அவர். நம் விழுகையும் அவருக்குப் புதுச் செய்தியாகப் போய்ச் சேர்வதில்லை.

ஆதிச்சபையும் இதே கேள்வியைச் சந்தித்தது. கி.பி. 250-ல் பேரரசர் தேசியு நடத்திய உபத்திரவத்தில் பலர் உயிருக்குப் பயந்து ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள். பிறகு அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் இருந்த மூப்பர் நொவாத்தியன். மனந்திரும்பினால் சேர்க்கலாம் என்று ஆயர்கள் கொர்நேலியுவும் சிப்ரியானும் உறுதியாக நின்றார்கள். மனந்திரும்புதலை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, கதவையும் பூட்டவில்லை.

அடுத்த தவறு, 'எனக்குள் இவ்வளவு போராட்டம் இருப்பதால் நான் இரட்சிக்கப்படவே இல்லை' என்று முடிவுகட்டுவது. ரோமர் 7-ல் பவுல், 'நான் விரும்புகிறதைச் செய்யாமல், நான் வெறுக்கிறதையே செய்கிறேன்' என்கிறார். அது அவர் மனம் மாறுவதற்கு முந்தைய நிலையா, பிந்தையதா என்று நெடுங்காலமாக விவாதம் உண்டு. சரி, அதை ஒதுக்கி வைத்தாலும், மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாய்ப் போராடுகின்றன என்ற கலாத்தியர் 5:17 விசுவாசிகளுக்கே எழுதப்பட்டது. பாவத்தோடு சமாதானமாக இருப்பவனுக்குப் போராட்டமே வராது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1517-ல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான்.

இதையே சாக்காக எடுத்துக்கொண்டு, 'எப்படியும் கிருபை இருக்கிறது' என்று பாவத்தில் தங்கிவிடுவதும் தவறுதான். அதற்கு ரோமர் 6 சொல்லும் பதில் ஒரே வார்த்தை: 'கூடாதே'. தீத்து 2-ன்படி கிருபை மன்னிப்பதோடு நிற்பதில்லை, தெளிந்த புத்தியோடு வாழவும் நமக்குப் போதிக்கிறது.

இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: ஒவ்வொரு முறை விழும்போதும் பெரிய பொருத்தனை பண்ணுவது. 'இனிமேல் சாகும்வரை செய்ய மாட்டேன் ஆண்டவரே.' சில நாளில் அது உடைகிறது, பாவத்தோடு பொய்யனானேன் என்ற பாரமும் சேர்கிறது. மனித சித்தத்தின் பலமே போதும் என்ற பெலாகியு என்ற பழங்காலப் போதகரின் போதனையை, கி.பி. 418-லேயே கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் மறுத்தது. நாமோ நடைமுறையில் அதையே பின்பற்றுகிறோம். இதைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் விழுகிறோம் என்று கவனித்து, அந்த வழியை அடைப்பது நல்லது. தூக்கமில்லாத இரவா, தனிமையா, யாரோ அவமானப்படுத்திய நாளா? இன்று ஒரு நாளுக்கான பெலனைக் கேளுங்கள். குடியோ போதையோ உடலைப் பிடித்துவிட்டால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

தனியாகவே சமாளிக்கப் பார்ப்பதும் வேண்டாம். யாக்கோபு 5:16 நம் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இரகசியம் காக்கிற, உங்களைக் கண்டு அதிர்ச்சியடையாத, அதே சமயம் பாவத்தைப் பாவம் என்றே சொல்கிற ஒருவர் போதும்.

நம் பாவம் இன்னொருவரைக் காயப்படுத்தியிருந்தால், 'ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்' என்று சொல்லி அவர் வாயை அடைப்பது பெரிய அநியாயம். வரி வசூலித்த சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். மன்னிப்பு கேட்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும், சட்டம் கேள்வி கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும். காயப்பட்டவர் உடனே பழையபடி பழக வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

யாராவது உங்களிடம் வந்து தன் விழுகையைச் சொன்னால், கலாத்தியர் 6:1 கேட்கிறபடி சாந்தமாக இருங்கள். அறிவுரையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முழுதாகக் கேட்டுவிட்டு, அங்கேயே அவரோடு ஜெபியுங்கள். அடுத்த வாரம் நீங்களே போன் செய்து, 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள், ஏனென்றால் மறுபடியும் விழுந்திருந்தால் அவராகக் கூப்பிட மாட்டார்.